பெங்களூரு அப்பார்ட்மென்டில் ஒரு சிரிப்புப் பேய்ப்பட இரவு: அக்டோபர் 31க்கு முன் செய்ய வேண்டியவை

ஹாலோவீனுக்குப் பத்துப் பதினைந்து குடும்பங்களைக் கூட்டிப் படம் போட நினைப்பவர்கள், எந்தப் படம் என்று வாட்ஸப் குழுவில் இரண்டு வாரம் வாக்குவாதம் செய்துவிட்டு மற்றதையெல்லாம் அன்று மாலை ஆறு மணிக்குத்தான் யோசிக்கிறார்கள். பிறகு ஆப்பைத் திறந்தால் குரல் மட்டும் வருகிறது, படம் கறுப்பாக நிற்கிறது. ஒன்பது மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். சிரிப்புப் படம் என்று நம்பி உட்கார்ந்த ஆறு வயதுக் குழந்தை இரண்டாம் பாதியில் அழத் தொடங்குகிறது. இவை எல்லாமே தவிர்க்கக்கூடியவை. ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கீழே உள்ள கணக்கு நாற்பது பேருக்கானது.

1. முதலில் தேதி, பிறகு இடம்

நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம், கர்நாடகத்தில் அரசு விடுமுறை. ஆகவே அக்டோபர் 31 எந்தக் கிழமையில் வந்தாலும் மறுநாள் பள்ளிக்கூடக் கவலை பெரும்பாலும் இருக்காது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பல அப்பார்ட்மென்டுகளில் அன்று காலையில் சிவப்பு மஞ்சள் கொடி ஏற்றுவார்கள், அதற்கும் அதே ஹாலையோ முற்றத்தையோ பதிவு செய்திருப்பார்கள். அசோசியேஷனிடம் இதைக் கேட்டுக்கொண்டு, இரவே இடத்தைக் காலி செய்து தருவதாக எழுதிக் கொடுங்கள்.

தீபாவளி எப்போது என்றும் பாருங்கள். 2024இல் தீபாவளியே அக்டோபர் 31 அன்று வந்தது. தீபாவளி அந்த வாரத்தில் வந்தால் தமிழ்க் குடும்பங்களில் பாதி ஓசூர் தாண்டி ஊர்ப் பஸ்ஸில் இருக்கும், இருப்பவர்களுக்கு வெடிச்சத்தத்தில் ஒன்றும் கேட்காது. முந்தைய சனிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள்.

மொட்டை மாடி அழகுதான், ஆனால் அக்டோபர் கடைசியில் மாலை மழையை நம்ப முடியாது. மூடிய ஹால் கையில் இருந்தால் மட்டும் மாடியைப் பற்றி யோசியுங்கள். அந்த நாட்களில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன் மறையும், ஆறரைக்கு மேல்தான் திரையில் கறுப்பு கறுப்பாகத் தெரியும். ஹாலை மூன்று வாரம் முன்னதாகவே பதிவு செய்து, கட்டணத்துக்கும் முன்பணத்துக்கும் தனித்தனி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ரசீதாகப் போட்டால் முன்பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

2. வீட்டுக் கூடமா, பொது ஹாலா?

படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை முடிவு செய்தாக வேண்டும். உங்கள் வீட்டுக் கூடத்தில் நண்பர்களோடு உங்கள் சந்தாவில் படம் பார்ப்பது வேறு. பல வீட்டுக்காரர்கள் கூடும் ஹாலில் திரையிடுவது வேறு. ஓடிடி சந்தா உங்கள் வீட்டுச் சொந்தப் பயன்பாட்டுக்குத் தரப்படுவது, ஹாலில் போடும் உரிமை அதில் சேராது. “டிக்கெட் இல்லையே, இலவசம்தானே” என்பது எல்லோரும் சொல்லும் சமாதானம். பணம் வாங்காததால் மட்டும் அனுமதி வந்துவிடாது.

ஹாலில் போட இரண்டு நேரான வழிகள் உண்டு. ஒன்று, தயாரிப்பாளரிடமோ விநியோகஸ்தரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குவது. மின்னஞ்சலில் தேதி, இடம், பார்வையாளர் எண்ணிக்கை, ஒரே ஒரு காட்சி, கட்டணம் இல்லை என்ற ஐந்தும் இருக்கட்டும். நான்கு வாரம் முன்பே அனுப்புங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது வழி, பதிப்புரிமைக் காலம் முடிந்த படம். இந்தியச் சட்டப்படி, படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். 1959இல் வந்த படத்துக்கு 2019 முடிவோடு காலம் முடிந்தது, 1960 படத்துக்கு 2020 முடிவோடு. கவனிக்க வேண்டியது பிரதியைத்தான். பின்னாளில் வண்ணம் சேர்த்தது, புதிதாக டப்பிங் செய்தது, புது இசை கோத்தது போன்றவற்றில் தனி உரிமை இருக்கலாம். பழைய கறுப்பு வெள்ளைப் பிரதியையே எடுங்கள்.

3. படம்

செலவில்லாத பேய்ப்படம் ஹாலில் எடுபடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அட்டைச் சுவர் ஆடுவதும், பூதத்தின் கையில் தையல் தெரிவதும் தனியாகப் பார்த்தால் குறை. நாற்பது பேர் ஒன்றாகப் பார்க்கும்போது அதே குறையை முதலில் கண்டுபிடித்தவர் சிரிக்க, மற்றவர்களுக்கும் தொற்றிக்கொள்கிறது. அந்தச் சிரிப்பில் தளர்ந்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு நல்ல திடுக்கிடல் வந்தால் மொத்த ஹாலும் துள்ளும். இதற்குப் படம் குட்டையாக இருக்க வேண்டும். எழுபது எண்பது நிமிடம் போதும். மதிப்பெண் பட்டியலில் மேலே இருக்கிறது என்பதற்காக எதையும் எடுக்காதீர்கள்.

பொது ஹாலுக்கு என் தேர்வு இரண்டு படங்கள். முதலாவது 1960இல் ரோஜர் கார்மன் எடுத்த ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’, 72 நிமிடம். பூக்கடைப் பையன் வளர்க்கும் செடி மனிதர்களைத் தின்னும். பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்து முடித்தார்கள், ஏற்கெனவே நின்றிருந்த செட்டில். அந்த அவசரம் வசனத்தின் வேகத்தில் தெரிகிறது, அதுதான் படத்தின் ருசி. பல் மருத்துவரிடம் ஆசையோடு பல் பிடுங்கிக்கொள்ள வருபவராக இளம் ஜாக் நிக்கல்சன் சிறிது நேரம் வருவார். அந்த இடத்தில் பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இரண்டாவது 1959இல் வில்லியம் காஸில் எடுத்த ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’, 75 நிமிடம். வின்சென்ட் பிரைஸ் ஒரு பணக்காரர். பேய் வீட்டில் ஓர் இரவு தாங்குபவர்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் என்று அழைக்கிறார். தூக்கில் தொங்கும் காட்சியும் வெட்டுண்ட தலையும் உண்டு. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை முதல் படத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக் கூடத்துக்கு, அல்லது அனுமதி கிடைத்தால் ஹாலுக்கு, தெரிவு விரிகிறது. பெங்களூரு வாடகை வீட்டுக்காரர்களுக்கு ‘ரோமாஞ்சம்’ முதலில். 2023இல் வந்த மலையாளப் படம், 2007இல் இதே ஊரில் ஒரே வீட்டில் அடைந்து கிடக்கும் பையன்கள் கேரம் பலகையை வைத்து ஆவியை அழைக்கிறார்கள். தனியாக வீடெடுத்துத் தங்கியவர்களுக்கு பேயைவிட அந்த வீடு நெருக்கமாக இருக்கும். கன்னடக்காரப் பக்கத்து வீட்டினர் வருவதாக இருந்தால் 2025இல் வந்த ‘சு ஃப்ரம் சோ’. கடலோரக் கிராமத்தில் ஒருவனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஊரே நம்பிக் கிளம்புகிற கதை. ராஜ்யோத்சவத்துக்கு முந்தின இரவில் கன்னடப் படம் போடுவது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் செய்யும் மரியாதையும்கூட.

தமிழில் குடும்பத்தோடு பார்க்க ‘மரகத நாணயம்’ (2017) தயங்காமல் போடலாம். செத்தவர்களின் உடம்பில் வேறு ஆட்கள் புகுந்து பேசுவதே அதன் நகைச்சுவை, ரத்தத்தை நம்பி எடுத்த படமில்லை. ‘யாமிருக்க பயமே’ (2014) அதைவிடக் கூர்மையான சிரிப்பு. ஆனால் இரட்டை அர்த்த வசனம் நிறைய, குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு ஒத்துவராது.

தமிழ்ச் சிரிப்புப் பேய்ப்படங்களில் பொதுவாக ஒரு பொறி உண்டு. இடைவேளைக்குப் பிறகு பேயின் முன்கதை வரும். அதில் கொலையோ பாலியல் வன்முறையோ நீளமாக, கொஞ்சமும் சிரிப்பில்லாமல் காட்டப்படும். முன்னோட்டத்தில் அதன் சுவடே இருக்காது. திருநங்கைகளையும் பருமனானவர்களையும் கேலி செய்யும் காட்சிகளும் பல படங்களில் உண்டு. ஹாலில் யாருடைய பிள்ளை, யாருடைய உறவினர் உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே இரண்டாம் பாதியை முழுதாகப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள். தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள். 2024 முதல் யுஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பழைய படங்களில் வெறும் யுஏ மட்டும் இருப்பதால் அதை வைத்து வயதை முடிவு செய்ய முடியாது.

பெரியவர்கள் மட்டும் என்றால் ஜப்பானியப் படம் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ (2017). சுமார் முப்பது லட்சம் யென்னில் எடுத்தது. முதல் 37 நிமிடம் வெட்டில்லாத ஒரே ஷாட், அதுவும் மோசமாக நடித்த மோசமான ஜோம்பிப் படம் மாதிரி இருக்கும். அந்த இடத்தில்தான் ஆட்கள் செல்போனை எடுப்பார்கள், யாராவது “வேற படம் போடுங்க” என்பார்கள். தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: நாற்பது நிமிடம் யாரும் எழுந்து போகக் கூடாது. ஏன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

4. தமிழில் சப்டைட்டில்

பாட்டிகளும் சின்னப் பிள்ளைகளும் 1960இன் வேக ஆங்கிலத்தைப் பிடிக்க மாட்டார்கள். ஹாலில் போடும் இரண்டு பழைய படங்களுக்கும் நீங்களே சப்டைட்டில் எழுதலாம். ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருள் போதும். படத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். பேச்சுத் தமிழில் எழுதுங்கள். “நீ யார்?” என்று எழுதினால் படித்துவிட்டுப் போவார்கள், “யார்ரா நீ?” என்றால் சிரிப்பார்கள். வரிக்கு 35 எழுத்துக்கு மேல் போகாதீர்கள், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

கோப்பை யுடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள், இல்லாவிட்டால் திரையில் கேள்விக்குறிகளாக ஓடும். டிவியிலோ புரொஜெக்டரிலோ பென் டிரைவைச் செருகி ஓட்டாதீர்கள். அவற்றில் உள்ள பிளேயர் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘பேய்’ என்ற சொல்லிலேயே கொம்பு ப-வுக்குப் பின்னால் போய்த் தொங்கும். லேப்டாப்பில் விஎல்சியில் ஓட்டுங்கள், ‘கொ’, ‘பூ’, ‘பேய்’ மூன்றும் சரியாக வருகிறதா என்று முந்தின நாளே பாருங்கள்.

5. தாள்கள்

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை இருக்கட்டும்: ஹால் பதிவு ரசீது, அசோசியேஷன் செயலர் கையெழுத்திட்ட ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், படத்தின் அனுமதி மின்னஞ்சல் அல்லது வெளியான ஆண்டைக் காட்டும் ஒரு பக்கக் குறிப்பு, மொட்டை மாடி என்றால் காவல் நிலைய அனுமதி.

கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் அதைப் பயன்படுத்தவே கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்து, அடையாள அட்டை நகலோடு ஒரு வாரம் முன் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். மூடிய ஹாலுக்குள் என்றாலும் 9:45க்குள் முடிப்பதாகவே திட்டமிடுங்கள்.

வெளியிலிருந்து வருபவர்கள் இருந்தால் பெயரை மதியமே கேட் செயலியில் ஏற்றிவிடுங்கள். ஆறரைக்கு எல்லோருக்கும் ஓடிபி கேட்டுக்கொண்டு நின்றால் முதல் படம் அரைமணி தள்ளிப் போகும்.

6. திரையும் புரொஜெக்டரும்

வாடகைக்கு எடுக்கும்போது 3,000 ஆன்சி லூமென் வெளிச்சம் வேண்டும் என்று ‘ஆன்சி’யைச் சேர்த்தே கேளுங்கள். சின்னப் புரொஜெக்டர் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் வேறு கணக்கு. பெரும்பாலான கருவிகளில் எட்டடி அகலப் படத்துக்குப் பன்னிரண்டடி தூரம் வேண்டும், ஹாலை அளந்துகொண்டு போங்கள். வாங்கும்போதே ரிமோட், பவர் கேபிள், மெனுவில் விளக்கு ஓடிய மணிக்கணக்கு மூன்றையும் படமெடுத்து வையுங்கள். கூடத் தருகிற எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். பத்து மீட்டர் கேபிளை எஸ்பி ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

திரைக்கு 90க்கு 108 அங்குல வெள்ளைப் படுக்கை விரிப்பு போதும், எட்டடிப் படம் அதில் அடங்கும். பின்னால் கறுப்புத் துணி கட்டாயம். இல்லாவிட்டால் கொஞ்சம் வெளிச்சம் துணியைத் தாண்டிச் சுவருக்குப் போய்த் திரும்பி வரும், இருட்டுக் காட்சிகள் சாம்பலாகும். வீட்டுக் கூடத்துக்கு ஓர் எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினால் ஆறடிப் படம் கிடைக்கும். சரிகைக்கரை படத்துக்கு வெளியே நிற்கட்டும். இஸ்திரி போட்டு நான்கு மூலையையும் இழுத்துக் கட்டுங்கள், சுருக்கம் இருந்தால் முகமெல்லாம் கோணும்.

ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து மூன்றடி, நாற்காலி என்றால் நான்கடி. இதைவிடத் தாழ்ந்தால் பின்வரிசைக்கு சப்டைட்டில் இருக்காது, முன்வரிசையின் தலைகள்தான் இருக்கும்.

ஓடிடியில் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. பழைய புரொஜெக்டரோடு நகல் தடுப்புப் பாதுகாப்பு ஒத்துப்போகாவிட்டால் குரல் வரும், படம் வராது. அன்று மாலை இதற்கு மருந்து கிடையாது. அதே லேப்டாப், அதே கேபிள், அதே புரொஜெக்டரோடு முந்தின நாள் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

7. சத்தம்

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். படத்துக்குச் சற்றுப் பின்னால்தான் அதில் ஒலி வரும். பேய் முகம் திரையில் வந்து போன பிறகு அலறல் கேட்டால் பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆக்ஸ் கேபிள் போடுங்கள். கதவு அறையும் காட்சி ஒன்றை ஓட்டி, அடிக்கும் கணமும் ஒலியும் சேர்கிறதா என்று பாருங்கள்.

பேய்ப்படத்தில் குசுகுசுப்பு ஒன்று, அலறல் ஒன்று. குசுகுசுப்புக்காகச் சத்தத்தை ஏற்றினால் அலறல் மூன்று மாடிக்குக் கேட்கும். விஎல்சியில் ஒலி விளைவுகளுக்குள் கம்ப்ரெஸரை இயக்கினால் இந்த இடைவெளி குறையும். கடைசி வரிசையில் உட்கார்ந்து மெல்லிய வசனம் கேட்கும் அளவில் நிறுத்துங்கள். பிறகு படத்தின் உரத்த காட்சியை ஓட்டிவிட்டு, ஹாலுக்கு மேல்வீட்டில் போய் நின்று கேளுங்கள். அந்த வீட்டாரை முதலிலேயே அழைத்துவிடுவது இன்னும் நல்லது. தாழ் ஒலிப் பெட்டியை (சப்வூஃபர்) தரையில் வைக்காமல் தடிமனான ரப்பர் பாய்மேல் வையுங்கள்.

8. பறக்கும் எலும்புக்கூடு

‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’ போடுவதாக இருந்தால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். 1959இல் சில தியேட்டர்களில் உரிய காட்சியின்போது பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைக் கம்பியில் பார்வையாளர் தலைக்கு மேல் ஓடவிட்டார்கள். உங்கள் ஹாலிலும் முடியும்.

ஒரு அங்குலத் தெர்மகோல் தகட்டில் நாலடி உயர எலும்புக்கூட்டை வரைந்து, சூடாக்கிய பிளேடால் வெட்டுங்கள். மண்டை, மார்பு, இடுப்பு, கைகால் தனித்தனித் துண்டுகள், நூலால் தளர்வாகக் கோத்தால்தான் ஓடும்போது ஆடும். மொத்த எடை 300 கிராமைத் தாண்ட வேண்டாம். திரைக்குப் பின்னால் ஒன்பதடி உயரத்தில் ஒரு துணிக்கொடிக் கப்பி, ஹாலின் பின்சுவரில் அதே உயரத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே தூண்டில் நைலான் நூலை வளையமாக ஓட்டுங்கள், இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. சாதாரணச் சணலாக இருந்தால் புரொஜெக்டர் ஒளியில் திரையில் நிழல்கோடு விழும்.

நூலின் வழியில் உள்ள மின்விசிறிகளை நிறுத்தி, சுவிட்சின்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். யாராவது வியர்க்கிறது என்று போட்டுவிட்டால் நூல் இறக்கையில் சுற்றிக் கப்பியோடு பிய்ந்து வரும். கடைசிப் பகுதியில் அமிலத் தொட்டியிலிருந்து எலும்புக்கூடு எழும், அப்போது பின்சுவரில் நிற்பவர் இழுக்கத் தொடங்க வேண்டும். மெதுவாக, முழு நீளத்துக்கு இருபது நொடி. நான்கு முறை ஒத்திகை பாருங்கள். எந்தக் குழந்தையிடமும் முன்னால் சொல்லாதீர்கள், ஆனால் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

வாசலுக்கு ஒரு சாக்பீஸ் போதும். 1990களில் கர்நாடக ஊர்களில் வீட்டுக்கதவில் ‘நாளே பா’ என்று எழுதினால், கதவைத் தட்டும் பேய் அதைப் படித்துவிட்டு நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிடும் என்றொரு நம்பிக்கை பரவியது. ‘ஸ்திரீ’ இந்திப் படத்துக்கு விதை அதுதான். கன்னடம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு ஹால் கதவில் எழுதச் சொல்லுங்கள்.

9. மின்சாரம், தீனி, பணம்

மழை பெய்தால் கரண்ட் போகலாம். ஹாலின் எந்தப் பிளக் ஜெனரேட்டரில் இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு அதிலேயே இணையுங்கள். ஜெனரேட்டர் எழும் அந்தச் சில நொடிக்குப் புரொஜெக்டர் அணையாமலிருக்க ஒரு 600 விஏ யுபிஎஸ் நடுவே வையுங்கள். விளக்கு வகைப் புரொஜெக்டர் சூட்டோடு திடீரென அணைந்தால் விளக்கு கெடலாம், வாடகைக்குக் கொடுத்தவர் முன்பணத்தில் பிடிப்பார்.

முதல் படத்துக்கு முறுக்கு, நிப்பட்டு வேண்டாம். நாற்பது வாய் நொறுக்கினால் வசனம் போய்விடும். காராபன், வாழைப்பழம், சுண்டல் போன்றவை முதலில். காங்கிரஸ் கடலையும் பாப்கார்னும் இடைவேளையில்.

ஹால் வாடகை நீங்கலாக இப்படி ஒதுக்குங்கள்: புரொஜெக்டர் 2,500, ஸ்பீக்கர் 1,500, துணியும் கேபிளும் 1,200, எலும்புக்கூடு 300, தீனி தலைக்கு 80 வீதம் 3,200, துப்புரவு செய்பவருக்கு 500. ஆக 9,200 ரூபாய், பதினைந்து வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்குச் சுமார் 615. இதைத் தீனி, வாடகைப் பங்காக முன்கூட்டியே வாங்குங்கள். வாசலில் நின்று நுழைவுப் பணமாக வாங்காதீர்கள், அது டிக்கெட் ஆகிவிடும்.

10. அன்றைய மணிக்கணக்கு

மூன்று மணிக்குத் திரை, நான்கரைக்கு ஒலி, ஐந்தரைக்கு எலும்புக்கூடு ஒத்திகை. ஆறே காலுக்குக் கதவு திறக்கலாம். வெளியேறும் வழியருகே ஒரு சின்ன விளக்கு எரியட்டும். சிறுவர்களை முன்வரிசையில் தனியாக விடாமல் பெரியவர்களுக்கு நடுவே உட்கார வையுங்கள். பயந்த குழந்தையை யாரும் கேலி செய்ய விடாதீர்கள், விளக்கு சுவிட்ச் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் தெம்பாகிவிடும்.

6:45க்கு முதல் படம், 7:57க்கு முடியும். இடைவேளை 25 நிமிடம், சின்னப் பிள்ளைகள் கிளம்பும் நேரமும் இதுதான். 8:22க்கு இரண்டாவது படம், 9:37க்கு முடியும். புரொஜெக்டரை அணைத்தவுடன் பிளக்கைப் பிடுங்காமல் உள்விசிறி நிற்கும்வரை விடுங்கள், அதற்குள் ஜமக்காளங்களைச் சுருட்டிவிடலாம். நூலைக் கப்பியிலிருந்து கழற்றி, தெர்மகோல் பொடியைப் பெருக்கி, காலைக் கொடியேற்றத்துக்கு நாற்காலிகளைக் கம்பத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுச் சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுங்கள்.